கோட்டுக்கு அந்தப் பக்கம்

முதல் நாள் சாயங்காலம் அவள் கோணலாகக் கொத்திவிட்டு வந்த ஐந்து, காலையில் நேராக இருந்தது.

பட்டறைக் கதவைத் திறந்ததும் அவள் முதலில் கவனித்தது அந்த ஐந்தை அல்ல, வாசனையைத்தான். இரவெல்லாம் மூடிக்கிடந்த ஈரத் தரையின் வாசனை, பாலீஷ் மெஷினில் வழிந்து உறைந்த எண்ணெயின் வாசனை, மூலையில் குவிந்து கிடந்த சாக்குகளின் புழுங்கல் வாசனை, இவற்றுக்கெல்லாம் மேலே, இப்போதுதான் உளி பட்ட கல்லிலிருந்து கிளம்பும் கருகல் வாசனை. அது கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். நேற்றுக் கொத்திய கல் இன்று காலை வரை மணக்காது. அவள் ஜன்னலைத் தள்ளித் திறந்துவிட்டு, கை பழகுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த உடைசல் கல்லின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ரோமன் எண்ணில் ஐந்து, V. மேலே விரிந்து கீழே கூடும் இரண்டு சாய்கோடுகள். நேற்று வலது கோட்டில் கை வழுக்கி, உளி எங்கேயோ போய், அது நொண்டிக்கால் மாதிரி வளைந்திருந்தது. தன்னையே திட்டிக்கொண்டுதான் எழுந்து போனாள். இப்போது அந்தக் காலில் நொண்டல் இல்லை.

நேற்று வெளிச்சம் போதவில்லை, தப்பாகப் பார்த்திருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனசு ஒப்பவில்லை. அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வர, எழுந்து ஓடினாள்.

அவளுடைய கணவர் கல்லறைக் கற்களில் எழுத்துக் கொத்துகிறவர். தெருவுக்கு எதிர்ப்பக்கம் கல்லறைத் தோட்டம், இந்தப் பக்கம் பட்டறை, பட்டறைக்குப் பின்னால் ஒரே ஒரு கதவு தாண்டினால் வீடு. அவர் கொத்துவார். கொத்திய பள்ளங்களில் வெள்ளைப் பெயிண்ட் நிரப்புவது அவள் வேலை. எதிரே இருந்த பழைய கற்களில் எல்லாம் வருஷம் ரோமன் எண்ணில் இருந்ததால், புதிதாகக் கல் வைக்க வருகிறவர்களும் அதையேதான் கேட்டார்கள். பெயர் எழுத்துகளை அவர் அவளைக் கொத்த விட்டிருக்கிறார். வருஷத்தை மட்டும் தொட விடமாட்டார். "பேர்ல ஒரு எழுத்து போச்சுன்னா சொந்தக்காரங்க சண்டைக்கு வருவாங்க, காலைக் கையைப் பிடிச்சு சரி பண்ணிக்கலாம். வருஷத்துல ஒரு கோடு போச்சுன்னா செத்தவன் என்ன பண்ணுவான், பாவம்?" என்பார். அதனால் அவள் எத்தனையோ வருஷங்களுக்குப் பெயிண்ட் நிரப்பியிருக்கிறாளே தவிர, அதில் ஒன்றைக்கூடப் படிக்கத் தெரியாது.

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். நெஞ்சு முழுக்கக் கல்தூள் என்று டாக்டர் சொன்னார். அவர் உயிரோடிருக்கும்போதே தனக்கென்று ஆசையாகத் தேர்ந்தெடுத்த கறுப்புக் கல் பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றது. அதில் அவர் பெயரை அவள் கொத்திவிட்டாள். வருஷங்களைக் கொத்த வெளியூர் ஆள் வருகிறேன் என்றார், அவள் வேண்டாம் என்றாள். மற்றவர்களின் கல்லை யார் வேண்டுமானாலும் கொத்தட்டும். இதை இன்னொரு கை தொடக்கூடாது. ஒரு வைராக்கியம்தான். வருஷமும் லேசுப்பட்ட வருஷமா? MMXVIII. "ரெண்டாயிரத்துல செத்தவன் மகராசன், ரெண்டே எழுத்து" என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த மனுஷன், தன் முறை வந்தபோது ரெண்டாயிரத்துக்கு இந்தப் பக்கம் வந்ததிலேயே நீளமான வருஷமாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

நல்லவேளையாக மகளின் நாலாம் வகுப்பில் அதே பாடம் நடந்துகொண்டிருந்தது. அவளுடைய மகளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாய் ஓயாது என்பதால் வாயாடி என்றே பெயராகிவிட்டது. அவளுக்கு இப்போது மிச்சமிருக்கிற ஒரே உயிர். கல்தூள் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து அந்தப் பிள்ளையைப் பட்டறைப் பக்கம் அண்டவிடாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். பாடமெல்லாம் வீட்டுத் தரையில், சாக்பீஸில்தான்.

"ரொம்ப ஈசிம்மா. ஒன்னுக்கு ஒரு கோடு. ரெண்டுக்கு ரெண்டு. மூணுக்கு மூணு. நாலுக்கு?"

"நாலு கோடு."

"தப்பு!" வாயாடி குதித்தாள். அம்மா தப்புப் பண்ணுவதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "அஞ்சுக்கு முன்னாடி ஒரு கோடு. சின்னது முன்னாடி நின்னா கழிக்கணும், பின்னாடி நின்னா கூட்டணும். அவ்வளவுதான். இதுக்குப் போயி இப்படி முழிக்கிறே?"

"எனக்கு மண்டையில ஏறலைடி. மெதுவாச் சொல்லு."

"அப்பா இருந்திருந்தா உன் கையிலேர்ந்து உளியைப் பிடுங்கியிருப்பாரு."

அது உண்மைதான். அவர் யாரையும் திட்டமாட்டார். கோணலாக ஒரு கோடு கண்ணில் பட்டால் 'ச்சு' என்பார், கையிலிருப்பதை வாங்கிக்கொள்வார், தானே செய்து முடித்துவிட்டுத்தான் நிமிர்வார். யார் வீட்டுச் சுவரில் படம் சாய்ந்திருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. அதைச் சொல்லி அன்றைக்கு அம்மாவும் மகளும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் இரண்டு பேரும் எழுந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

பாலீஷ்காரர் பகலில் வந்து கல் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் பொழுது சாயுமுன் போய்விடுவார். கணவரிடம் பல வருஷம் இருந்தவர். அவர்தான் அந்த உடைசல் கல்லைப் பார்த்து நின்றார்.

"அக்கா, இது அண்ணன் கொத்தின பழைய கல்லா?"

"இல்லை தம்பி. நான்தான், முந்தாநேத்து."

"சும்மா சொல்லாதீங்க." அவர் சிரித்துக்கொண்டே கோட்டுக்குள் விரலை ஓட்டினார். "உளியை உள்பக்கமாச் சாய்ச்சு எடுக்கிறது அண்ணன் ஒருத்தர்தான். இந்த அடியைத் தொட்டுப் பாருங்க. எனக்குத் தெரியாதா அண்ணன் கை?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றுபோய், விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு மெஷின் பக்கம் போனார்.

அன்று சாயங்காலம் அவள் வேண்டுமென்றே நாலுக்கு நாலு கோடு கொத்தி வைத்தாள். விடியற்காலையில் விழிப்பு வந்தபோது, வாயாடியின் கால் வழக்கம்போல அவள் வயிற்றின்மேல் கிடந்தது. வெளியே கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டுகளுக்கு நடுவில், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, அவசரமில்லாமல், கல்யாணமான நாளிலிருந்து அவளை எழுப்பிய அதே சத்தம் கேட்டது. டுக், டுக். ஒரு இடைவெளி. தூளை ஊதித் தள்ளும் ஒரு மூச்சு. மறுபடியும் டுக். அவளுக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. மல்லாந்து படுத்திருந்ததால் கண்ணீர் காதுக்குள் இறங்கி, அந்தச் சத்தத்தை மறைத்தது. துடைத்துத் துடைத்துக் கேட்டாள். எழுந்து கதவைத் திறக்கவில்லை. திறந்தால் நின்றுவிடுமோ என்று இருந்தது.

விடிந்தபின் போய்ப் பார்த்தாள். நாலு கோடு இருந்த இடம் கண்ணாடி மாதிரி தேய்க்கப்பட்டிருந்தது. அதன்மேல், ஒரு கோடும் ஒரு V-யும்.

அதற்குப்பிறகு அவள் தினமும் தப்புச் செய்தாள். ஒன்பதைத் திருப்பிக் கொத்தினாள். பத்தின் ஒரு காலைக் குட்டையாக விட்டாள். பதினெட்டை முழுக்க சாக்பீஸில் வரைந்துவிட்டு, கடைசிக் கோட்டை மட்டும் கொத்தாமல் வைத்தாள். காலையில் கடைசிக் கோடும் கொத்தியிருந்தது. விட்ட இடத்திலிருந்து முடித்துக் கொடுத்திருக்கிறாரே என்று அந்தக் கோட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். கல் குளிர்ந்திருந்தது. பாடம் அவளுக்கு எப்போதோ பிடிபட்டுவிட்டது. வாயாடி எந்த எண்ணைக் கேட்டாலும் மனசுக்குள் சரியான விடை வந்து நின்றது. ஆனால் வாயால் தப்பாகவே சொன்னாள். சரியாகக் கொத்திவிட்டால் திருத்த என்ன இருக்கிறது? கறுப்புக் கல் அப்படியே நின்றது. தன் புருஷனோடு பேசிக்கொள்ள அவளுக்கு அது ஒன்றுதான் வழியாக இருந்தது.

மழையால் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த நாட்களில் வாயாடியை வீட்டுக்குள் கட்டிப்போட முடியவில்லை. அம்மா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவள் கதவைத் திறந்துகொண்டு பட்டறைக்குள் போயிருக்கிறாள். அது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

"அம்மா! ஓடிவா! அப்பா என் பேரைக் கொத்தியிருக்காரு!"

அவள் ஈரக்கையோடு ஓடினாள். கருகல் வாசனை முகத்தில் அடித்தது. ஜன்னலடியில் ஒரு சின்னப் பலகைக் கல். அதில் மகளின் முழுப்பெயர், பிள்ளைக் கையெழுத்தின் சாயல்கூட மாறாமல், ஆனால் ஆழமாக, அழகாக.

"அப்பான்னு உனக்கு யார் சொன்னா?"

"நீ விடியக்காலையில அழுதுக்கிட்டே கேப்பியே. நானும் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்." வாயாடி கல்லைத் தடவினாள். "நான் சும்மா சாக்பீஸ்ல எழுதி வெச்சேம்மா. என் பேரு, நான் பொறந்த வருஷம், அப்புறம் ஒரு படுக்கைக் கோடு. மிச்சம் அப்பா போட்டது."

"கோடு எதுக்குடி போட்டே?"

"எல்லாக் கல்லுலயும் கோடு இருக்கே?" வாயாடிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "கோடு போடலைன்னா பேர் முடிஞ்ச மாதிரியே இல்லை."

கல்லறைக் கற்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. பெயர் என்றால் அதற்கடியில் ஒரு எண், ஒரு கோடு, இன்னொரு எண் என்றுதான் பார்த்திருக்கிறது. உயிரோடிருக்கிறவர்களின் பெயர் எப்படி எழுதப்படும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

MMX என்று இருந்தது. அது மகள் பிறந்த வருஷம். பிறகு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம்—

"நான் படிக்கிறேன், நான் படிக்கிறேன்," என்றாள் வாயாடி. பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டாள். "எம், எம், ரெண்டாயிரம். அப்புறம் பத்து. அப்புறம் பத்துக்கு முன்னாடி ஒன்னு, அது ஒன்பது. ரெண்டாயிரத்துப் பத்தொன்பது. அய், இந்த வருஷம்மா!"

சொல்லிவிட்டு இருமினாள். லேசாக, தொண்டையில் ஏதோ சிக்கின மாதிரி.

அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைத் தாழ் போட்டாள். ஒன்பது வயசுப் பிள்ளை, கால் தரையில் இழுபட்டது. "என்னம்மா, என்னம்மா" என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது.

பெயர் கொத்திய கல்லை யாரும் உடைப்பதில்லை. தொழிலில் அது வழக்கம். தப்பு வந்தால் முகத்தைத் தேய்த்து வெறும் கல்லாக்கிவிடுவார்கள். பாலீஷ்காரர் அந்தப் பலகையைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் மெஷினைப் போட்டார். சாயங்காலத்துக்குள் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. தண்ணீர் விட்டுக் கழுவி, இரண்டு பேரும் விளக்கைப் பிடித்து நாலு பக்கமும் பார்த்தார்கள்.

விடியற்காலையில் டுக், டுக்.

காலையில் எல்லாம் திரும்ப இருந்தது. முன்னைவிட ஆழமாக, விரலில் பாதி இறங்கும் அளவுக்கு. பாலீஷ்காரர் பட்டறைக்குள்ளேயே வரவில்லை. வாசலில் நின்றபடி பேசினார்.

"அக்கா, நான் இனி வரலை. தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்கேயாவது போயிடுங்க."

"எங்கே போவேன் தம்பி?"

"எங்கேயாவது," என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. குடையைக்கூட எடுக்காமல் மழையில் போனார்.

அவளும் போய்ப் பார்த்தாள். தன் அக்கா வீட்டில் மகளோடு போய்த் தங்கினாள். இருமலும் கூடவே வந்தது. டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, சளிதான், மழைக்காலம், எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறது என்றார். மருந்து உள்ளே போயிற்று, இருமல் வெளியே வந்தது. ஒருநாள் வாயாடி இருமிய கைக்குட்டையை விரித்தபோது அதில் சளி இல்லை. வெளிறின சாம்பல் நிறத்தில், மாவு மாதிரி நைசாக, தூள். அவள் அதை யாரிடமும் காட்டாமல் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். அந்த ரெண்டு தடவையைத் தவிர பட்டறை வாசலை மிதிக்காத பிள்ளையின் நெஞ்சுக்குள் தூள் எங்கிருந்து வரும்? கல் அங்கே நிற்கும்போது தான் எங்கே ஓடி என்ன பிரயோஜனம்? அன்றைக்கே மகளைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.

சுவரில் தேதிக் காலண்டர் மெலிந்து, கடைசித் தாள்கள் மட்டும் தொங்கின. இந்த வருஷம் முடிந்துவிட்டால் போதும். வருஷம் மாறிவிட்டால் அந்த எண் பொய்யாகிவிடும். அவள் அந்தத் தாள்களைப் பார்த்துப் பார்த்து நின்றாள். நாள் நகரமாட்டேன் என்றது.

அவருக்குத் தன் கல் முடியவில்லை, அதனால்தான் போகாமல் இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அதை முடிக்காமல் வைத்தது தான்தானே? அன்று முழுக்க உட்கார்ந்து கறுப்புக் கல்லில் அவருடைய இரண்டு வருஷங்களையும் கொத்தினாள். ஒரு கோடு பிசகவில்லை. M-களின் கால்கள் நேராக நின்றன, X குறுக்கே சரியாக வெட்டிக்கொண்டது, V, அதன் பின்னால் மூன்று கோடுகளும் ஒரே உயரம். அவர் பார்த்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லமாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். பெயிண்டும் நிரப்பினாள்.

"முடிஞ்சுதுங்க," என்றாள் கல்லிடம். "உங்க கல்லு முடிஞ்சுது. போயிட்டு வாங்க. நானே போகச் சொல்றேன். என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதீங்க. பிள்ளையை எனக்கு விட்டுடுங்க."

அழுது முடித்து எழுந்தபோது, இனி அந்தச் சத்தம் கேட்காது என்ற துக்கமும், கேட்காது என்ற நிம்மதியும் சேர்ந்து அவளை அடித்துப்போட்டன.

விடியற்காலையில் டுக், டுக்.

இந்தத் தடவை அவள் கதவைத் திறந்தாள். பட்டறைக்குள் சாம்பல் வெளிச்சம். யாரும் இல்லை. ஜன்னலடியில் சின்னக் கல்லின் முன்னால், காற்றில், ஆள் உட்கார்ந்தால் நெஞ்சு இருக்கும் உயரத்தில், உளி மட்டும் சாய்ந்து நின்றது. உள்பக்கமாகச் சாய்ந்து. மகளின் பெயரில் ஏதோ ஒரு எழுத்தின் ஓரத்தைச் சீர் பண்ணிக்கொண்டிருந்தது. "என்னங்க," என்று கூப்பிட்டாள். உளி நிற்கவில்லை. மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உங்க பொண்ணு என்றாள். திரும்பிப் பார்க்க அங்கே முகம் இல்லை. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. வந்திருப்பது அவர் இல்லை. அவர் எப்போதோ போய்விட்டார். வந்திருப்பது கை. கோணலைக் கண்டால் நேராக்கவும், பாதியைக் கண்டால் முடிக்கவும் மட்டும் தெரிந்த கை. அதற்குப் பெண்டாட்டி யார், பிள்ளை யார்? இத்தனை நாள் அதற்குத்தான் அவள் தீனி போட்டு வளர்த்திருக்கிறாள்.

அன்று விடியவே இல்லை. மழை இருட்டிக்கொண்டு நின்றது. வாயாடி கட்டிலில் சுருண்டு கிடந்தாள். பேச்சு நின்றுபோய், மூச்சு மட்டும் ஈரச் சாக்கை இழுப்பதுபோல இழுத்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதினாள்.

"கண்ணு, எனக்கு ஒன்னு சொல்லித் தர்றியா? அம்பதுக்கு எப்படி எழுதணும்?"

கண் திறந்தது. "அது இன்னும் உனக்குச் சொல்லவே இல்லையே."

"இப்பச் சொல்லு."

வாயாடி அவள் கையை இழுத்து, உள்ளங்கையில் விரலால் எழுதினாள். மேலிருந்து கீழே ஒரு கோடு. அடியில் வலது பக்கமாக ஒரு கோடு. L.

"அதைப் பத்துக்கு முன்னாடி போட்டா?"

"பெரியது முன்னாடி வந்தா கூட்டிக்கணும். அறுபது." இருமல். "யாருக்கும்மா? வயசானவங்களுக்கா?"

"ஆமாடி. ரொம்ப வயசாகப் போறவளுக்கு."

பட்டறைக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு சின்னக் கல்லின் முன்னால் உட்கார்ந்தாள். MMXIX. தேய்த்தால் திரும்ப வருகிறது. ஆனால் எண்ணில் கூட்டலாம். இரண்டாவது M-க்கும் X-க்கும் நடுவில் ஒரு L நுழைந்துவிட்டால் அது இரண்டாயிரத்து அறுபத்தொன்பது. ஐம்பது வருஷம். பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம், பிள்ளை, நரை எல்லாவற்றுக்கும் போதும். பத்து கேட்டிருக்கலாம், இருபது கேட்டிருக்கலாம். அவள் பேராசைதான் பட்டாள்.

இடம் இல்லை. அந்தக் கை நெருக்கி வைத்திருந்தது. நடுவில் ஒரு நெல் கிடக்கும் அகலம்தான். உளியை வைத்தாள். அடித்தாள். M-இன் ஓரம் சிதறியது. மறுபடியும் அடித்தாள். நிற்கும் கோடு வந்தது, கோணலாக. படுக்கும் கோடு X-இன் காலை இடித்தது. விரல் கிழிந்து ரத்தம் பள்ளத்தில் இறங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தாள். அசிங்கமாக, நெரிசலில் நசுங்கி, கூன் விழுந்து. ஆனால் L.

கதவடியில் சத்தம். வாயாடி போர்வையோடு நின்றாள்.

"அம்மா. பசிக்குது."

எத்தனை நாளாயிற்று அந்த வார்த்தையைக் கேட்டு! மகளை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். நெற்றியில் சூடு இல்லை. மூச்சில் இழுப்பு இல்லை. "சாதம் வடிச்சுத் தர்றேன், இரு," என்றாள். ஆனால் எழவில்லை. கல்லைத் தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை. முதுகை அந்தக் கல்லின்மேல் அழுத்திச் சாய்ந்துகொண்டாள். தன் உடம்பைத் தாண்டி எந்தக் கை வரும் என்று பார்ப்போம். வாயாடி ஏதோ கதை சொல்ல ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துக் கதை. பாதியில் கண் சொருகியது.

"பேசு. பேசிக்கிட்டே இரு."

"தூக்கம் வருதும்மா."

டுக்.

காதில் கேட்கவில்லை. முதுகெலும்பில் கேட்டது.

டுக். டுக்.

"நேராக்குங்க," என்றாள் அவள். "கோணலா இருக்கு, எனக்குத் தெரியும். நேராக்கிட்டுப் போங்க. எடுத்துடாதீங்க."

ஒரு இடைவெளி.

பிடரியில் ஒரு மூச்சு. குளிராக. தூளை ஊதியது.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் முதுகு விலகிவிடும்.

டுக் சத்தம் நின்றது. வேறு சத்தம். மெதுவாக. வட்டமாக. கல்லின்மேல் கல்.

தேய்க்கிறது.

"வேண்டாம்," என்றாள். "வேண்டாம். வேண்டாம்."

தேய்த்தது.

அவள் தோளுக்கு மேலிருந்து தூள் இறங்கியது. சாம்பல் நிறம். நைசாக. மகளின் நெற்றியில் விழுந்தது. இமை மயிரில் விழுந்தது. மேலுதட்டில் விழுந்தது. அவள் துடைத்தாள். மறுபடியும் விழுந்தது. மூச்சு பட்டுப் பட்டு உதட்டின்மேல் தூள் அசைந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசைந்தது. அசைந்தது.

தேய்ப்பு நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

தூள் விழுந்துகொண்டே இருந்தது. மகளின் உதட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்தது. ஒரு துகள்கூட அசையாமல்.